ஏழாவது வாரம்: ஹோஸ்ட் வீட்டில் அறைக் கதவை மூடி வைப்பது தப்பா?

வெள்ளிமீன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 16 வயது. எக்ஸ்சேஞ்ச் மாணவியாக வந்து ஏழு வாரம் ஆகிறது, இன்னும் எட்டரை மாதம் இருக்கிறது. நான் தங்கியிருக்கும் ஹோஸ்ட் குடும்பத்தில் அம்மா, அப்பா, 9 வயதில் ஒரு தம்பி. மூத்த மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள், அவளுடைய அறைதான் எனக்கு. எல்லாரும் நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே எழுதுவதைப் படித்துவிட்டு யாரும் அவர்களைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது.

நேற்று, எங்களை அனுப்பிய அமைப்பின் சார்பில் இங்கே என்னைக் கவனிக்கும் கோஆர்டினேட்டர் மாதாமாதம் பேசுவதுபோலக் கூப்பிட்டார். ஸ்கூல் எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்டுவிட்டு, "வீட்டில் உனக்கு ஏதாவது கஷ்டமா? ஸ்கூல் விட்டு வந்ததும் அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொள்கிறாய், சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருகிறாய் என்று அம்மா கவலைப்படுகிறார்" என்றார். எனக்கு முகமே சிவந்துவிட்டது.

நான் யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாது என்றுதான் இத்தனை நாளும் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டேன். குளித்ததும் தரையைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருவேன். ராத்திரி தாகம் எடுத்தால்கூடக் கீழே போக மாட்டேன், மாடிப்படியில் நாலாவது படி கிரீச்சென்று சத்தம் போடும். ஃப்ரிட்ஜை இதுவரை நானாகத் திறந்ததே இல்லை. அந்த ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பெரிய காலண்டர் ஒட்டியிருக்கிறது. அப்பாவுக்கு நீலம், அம்மாவுக்குச் சிவப்பு, தம்பிக்கு ஆரஞ்சு என்று அவரவர் வேலையை அவரவர் பேனாவில் எழுதிவைப்பார்கள். பக்கத்தில் ஒரு பச்சைப் பேனாவும் தொங்குகிறது, மகளுடையதாக இருக்கும். காலண்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் நின்று படித்ததுகூட இல்லை. அடுத்தவர் வீட்டு விஷயம் இல்லையா?

அதோடு, மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வரும்போது எனக்குத் தலை கனத்துவிடுகிறது. காலையிலிருந்து இன்னொரு மொழியிலேயே கேட்டு, யோசித்து, பேசிவிட்டு வருகிறேன். அறைக்குள் போய் ஒரு மணி நேரம் யாரும் பேசாமல் இருந்தால் போதும் என்று இருக்கும்.

இப்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவே தயக்கமாக இருக்கிறது. என்னை அவர்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. வேறு வீடு கேட்கலாமா? கேட்டால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா?

---

பழைய பெட்டி எழுதியது:

தங்கச்சி, அக்கா சொல்கிறேன், முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடி. கீழே போய்க் குடி, அந்தப் படி சத்தம் போட்டால் போடட்டும்.

நான் 17 வயதில் ரோட்டரி சங்கத்தின் எக்ஸ்சேஞ்ச் திட்டம் மூலமாகப் போனேன். ரோட்டரியில் வருஷம் முழுக்க ஒரே வீட்டில் இருப்பது அபூர்வம், எனக்கு மூன்று வீடுகள். முதல் வீட்டில் நான் இருந்தது அச்சு அசல் உன்னை மாதிரிதான். நாலாவது மாதம் பெட்டியோடு வாசலில் நின்றபோது அந்த வீட்டு அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "கடைசி வரை உன்னைத் தெரிந்துகொள்ளவே முடியவில்லையே" என்று அழுதார். நான் அவரைப் பற்றி யாரிடமும் ஒரு குறை சொன்னதில்லை, அவரும் அப்படித்தான். நாலு மாதத்தையும் இரண்டு பேரும் மரியாதையிலேயே கழித்துவிட்டோம். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படும்.

ரோட்டரியில் 'முதல் ராத்திரிக் கேள்விகள்' என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள். உங்களை நான் எப்படிக் கூப்பிட வேண்டும்? அழுக்குத் துணியை எங்கே போடுவது, துவைப்பது நானா நீங்களா? காலையில் பாத்ரூம் எனக்கு எத்தனை மணிக்கு? பசித்தால் ஃப்ரிட்ஜில் இருப்பதைக் கேட்காமல் எடுக்கலாமா? இப்படி வரிசையாகப் போகும். முதல் வீட்டில் அந்தத் தாளை நான் பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை, இவ்வளவு சின்ன விஷயத்தையெல்லாம் போய்க் கேட்பதா என்று. இரண்டாவது வீட்டில் போய் இறங்கிய அன்றைக்கே சாப்பாட்டு மேஜையில் விரித்துவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. சில கேள்விக்கு அந்த வீட்டு அப்பாவுக்கே பதில் தெரியவில்லை, மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கே அந்த வீடு எனக்குப் பாதி பழகிவிட்டது.

ஏழு வாரம் கழித்துக் கேட்டாலும் தப்பில்லை. "இதையெல்லாம் முதல் நாளே கேட்டிருக்கணும், கூச்சமாக இருந்தது" என்று சொல்லிவிட்டு ஆரம்பி.

---

நாலு சாவி எழுதியது:

நான் அந்தப் பக்கம் இருப்பவள். எங்கள் வீட்டில் இதுவரை நாலு பிள்ளைகள் வந்து தங்கிப் படித்துப் போயிருக்கிறார்கள். ஆளுக்கொரு சாவி கொடுத்தோம், திரும்ப வாங்கவில்லை. அதனால்தான் இந்தப் பெயர்.

கண்ணு, உன் ஹோஸ்ட் அம்மாவுக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. மூடிய கதவுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், கேள்.

முதலில் வந்த பிள்ளையும் உன்னை மாதிரி அமைதி. அவளுடைய துணியை மடித்து எடுத்துக்கொண்டு அறை வாசலுக்குப் போவேன். உள்ளே தன் மொழியில் யாரிடமோ பேசிக்கொண்டிருப்பாள். குரல் ஏறும், இறங்கும், நடுவில் நின்றுவிடும். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிடிபடாது. கையைத் தூக்குவேன், தட்டலாமா வேண்டாமா என்று நிற்பேன், துணியை வாசலிலேயே வைத்துவிட்டு இறங்கிவிடுவேன். என் சொந்தப் பிள்ளை என்றால் தட்டாமலே உள்ளே போயிருப்பேன். இன்னொருத்தி பெற்று, நம்பி அனுப்பிய பிள்ளை. அவளுக்கு ஏதாவது வருத்தம் என்றால் அது என் வீட்டில், என் கூரைக்குக் கீழே நடக்கிற வருத்தம். ராத்திரி தூக்கம் வராது.

இரண்டாவதாக வந்த பிள்ளை மூன்றாவது மாதத்தில் தானாகவே வந்து, "நான் கதவை மூடுவது உங்கள் மேல் கோபத்தில் இல்லை. நாள் முழுக்க உங்கள் மொழியிலேயே இருக்கிறேன், சாயங்காலம் ஒரு மணி நேரம் தலைக்கு ஓய்வு வேண்டும், அவ்வளவுதான்" என்றாள். அதன் பிறகு அவள் கதவு மூடியிருந்தால், சரி, ஓய்வெடுக்கிறாள் என்று நான் என் வேலையைப் பார்ப்பேன். எங்களுக்குத் தேவை இந்த ஒரு வாக்கியம்தான். நீ இங்கே எழுதியதை அப்படியே உன் ஹோஸ்ட் அம்மாவிடம் சொன்னாலே போதும்.

தொந்தரவு என்று எழுதியிருக்கிறாயே, அதைப் பற்றியும் ஒன்று. ஃப்ரிட்ஜைத் திறக்காத பிள்ளைதான் தொந்தரவு. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பசிக்குமோ, கேட்கக் கூச்சப்படுகிறாளோ என்று நாம்தான் நேரத்துக்கு நேரம் நினைத்து எடுத்துக் கொடுக்க வேண்டும். விருந்தாளியை இரண்டு நாள் அப்படிக் கவனிக்கலாம். 10 மாதம் யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. கடைசியாக வந்த பையன் இரண்டாவது வாரமே ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, "பால் தீர்ந்துபோச்சு" என்று கத்தினான். அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதி!

வீட்டுப் பாடத்தை அறையில் செய்யாமல் சமையலறை மேஜைக்கு எடுத்து வா. பேச வேண்டியதில்லை. ஒரே இடத்தில் இருந்தால் போதும்.

---

நேர்கோடு எழுதியது:

எனக்கு இதில் ஒரு வருத்தம் இருக்கிறது. மேலே எழுதிய இருவரும் அன்பாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் எல்லாரும் அந்தப் பிள்ளையைத்தான் மாறச் சொல்கிறோம். வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். "கதவு மூடியிருக்கிறதே, நன்றாக இருக்கிறாயா?" என்று ஒரு தடவை நேராகக் கேட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டுக் கோஆர்டினேட்டரிடம் போய்ச் சொன்னால் 16 வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? புகார் மாதிரித்தான் இருக்கும். மொழியும் புதிது, வீடும் புதிது. முதல் அடி எடுத்து வைக்க வேண்டியது வீட்டுக்காரர்கள்.

---

ஊர்ப்பொறுப்பு எழுதியது:

நேர்கோடு சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது புகாராக இருந்திருக்காது. நான் அமெரிக்காவில் உள்ளூர்க் கோஆர்டினேட்டராக இருக்கிறேன். மற்ற நாடுகளில் நடைமுறை வேறு, எனக்குத் தெரிந்த இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஜே-1 என்ற எக்ஸ்சேஞ்ச் விசாவில் பள்ளிக்கு வரும் மாணவர் என்றால், மாதம் ஒரு முறை நாங்கள் மாணவரிடமும் பேச வேண்டும், ஹோஸ்ட் குடும்பத்திடமும் பேச வேண்டும். இரண்டும் கட்டாயம். பேசும்போது குடும்பத்திடம் "பிள்ளை எப்படி இருக்கிறாள்?" என்று நாங்களாகவே கேட்போம். அந்த அம்மா அதற்குப் பதிலாகச் சொல்லியிருப்பார். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால், அதை உன்னிடம் சொல்வதற்கு முன்னால் "இதை நீங்களே அவளிடம் கேட்டுப் பாருங்களேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருப்பேன். அது எங்கள் தரப்பில் நடக்கிற தவறு, அடிக்கடி நடக்கிறது.

மற்ற விதிகளும் ஓரளவு தெரிந்திருக்கட்டும். உன்னைக் கவனிக்கும் கோஆர்டினேட்டர் நீ இருக்கும் வீட்டிலிருந்து 120 மைலுக்குள் இருக்க வேண்டும். அவரே உனக்கு ஹோஸ்ட்டாக இருக்கக் கூடாது, ஏனென்றால் வீட்டில் பிரச்சினை வந்தால் நீ யாரிடம் போவாய்? வீட்டில் இருக்கும் 18 வயது நிரம்பிய எல்லாருக்கும் குற்றப் பின்னணி சோதித்திருப்பார்கள். உனக்கென்று ஒரு கட்டில் வேண்டும், காற்றடிக்கும் மெத்தையோ விரித்துப் போடும் சோபாவோ ஆகாது. அப்புறம், இந்த ஏற்பாட்டில் உன்னை வைத்துக்கொள்வதற்காகக் குடும்பத்துக்குப் பணம் தருவதில்லை. உன்னைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள் என்பதை மனசில் வைத்துக்கொள்.

மாணவர் வந்த முதல் இரண்டு மாதத்துக்குள் இன்னொரு முறை வீட்டுக்கு நேரில் வந்து பார்ப்பதும் உண்டு. முதலில் வீட்டைத் தேர்ந்தெடுத்தவரே வர மாட்டார், வேறொருவர்தான் வருவார். நீ இருப்பதும் இந்த நாடு என்றால் அது இன்னும் சில நாளில் இருக்கும். அவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேள். அது உன் உரிமை.

வீடு மாற்றச் சொன்னாலே ஊருக்கு அனுப்பிவிட மாட்டார்கள். முதலில் உட்கார்ந்து பேச வைப்போம், சில வாரம் பார்ப்போம், சரிவரவில்லை என்றால் வேறு வீடு தேடுவோம். மாறியதால் உன் பெயர் கெட்டுப்போவதும் கிடையாது. ஆனால் நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன், மாற வேண்டிய வீடாக எனக்குத் தெரியவில்லை.

---

வெள்ளிமீன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நாலு சாவி அம்மா, துணியோடு வாசலில் நிற்பதைப் பற்றி எழுதினீர்களே, என் அறை வாசலிலும் வாரம் இரண்டு தடவை மடித்த துணி இருக்கும். தட்டினால் நானே வாங்கிக்கொள்வேனே, ஏன் தட்டவில்லை என்று நினைத்திருக்கிறேன். இப்போது என்னவோ போல் இருக்கிறது.

நான் இருப்பதும் அமெரிக்காவில்தான். அந்த இரண்டாவது விசிட் அடுத்த செவ்வாய்க்கிழமை.

ஒரு விஷயத்தை முதல் பதிவில் எழுதாமல் விட்டுவிட்டேன். தினமும் ராத்திரி எட்டரை மணிக்கு வீட்டிலிருந்து வீடியோ கால் வரும், பத்து மணி வரை பேசுவோம். என் அம்மாவுக்கு என் முகத்தைப் பார்த்தால்தான் அன்றைய நாளே ஓடும். அதே நேரத்தில்தான் இவர்கள் கீழே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஏதாவது விளையாடுவார்கள். முதல் வாரம் தம்பி என்னைக் கூப்பிட மேலே வந்தான். கையால் போனைக் காட்டினேன். அப்புறம் அவன் வருவதில்லை.

---

மகனை அனுப்பியவர் எழுதியது:

மகளே, நான் பதில் சொல்வது உனக்கு மட்டும் இல்லை, உன் அம்மாவுக்கும் சேர்த்து. முடிந்தால் இதை அவரைப் படிக்கச் சொல்.

என் மகன் 16 வயதில் ஒரு கல்வியாண்டுக்குப் போனான். முதல் ஒன்றரை மாதம் நாங்கள் தினம் இரண்டு வேளை கூப்பிட்டோம். காலையில் பல் துலக்கினாயா என்பது வரை கேட்போம். அவன் ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டை அறைக்கு எடுத்துப் போய் எங்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான், அது எங்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? பத்து மாதம் கழித்து அவன் சொல்லித்தான் தெரிந்தது, அந்த நேரத்தில் ஒரு குடும்பம் கீழே அவனுக்கும் தட்டு போட்டுக் காத்திருந்திருக்கிறது.

அமைப்பிலிருந்து கூப்பிட்டு, வாரம் ஒரு முறை போதும் என்றார்கள். என் மனைவிக்குக் கோபம். நம் பிள்ளையோடு நாம் பேச அவர்கள் யார் என்றாள். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான். சரி, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் என்று முடிவு செய்தோம். முதல் ஞாயிறு குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பே போனை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்திருந்தோம். அவன் 20 நிமிஷம் தாமதமாகக் கூப்பிட்டான், அதற்குள் இவள் கண் கலங்கிவிட்டாள். வந்தவன் மூச்சு விடாமல் பேசினான். ஹோஸ்ட் அப்பாவோடு வேலி சாயம் அடித்தானாம், நாய் அந்தச் சாயத்தில் நடந்துவிட்டதாம், அதைக் குளிப்பாட்ட மூன்று பேர் பிடித்தார்களாம். அதற்கு முந்தைய ஒன்றரை மாதம் தினம் பேசியதில் அவன் ஒரு சம்பவம்கூடச் சொன்னதில்லை. சொல்ல அவனுக்கு ஒன்றும் நடந்திருக்கவில்லை, நாங்கள் நடக்கவிடவில்லை.

வாரத்துக்கு ஒரு நாள் என்று உன் அம்மாவிடம் நீதான் சொல்ல வேண்டும். அழுவார். அழட்டும், சரியாகிவிடும். நடுநாட்களில் இரண்டு வரி எழுதி அனுப்பு, ஒரு படம் அனுப்பு.

---

மாறியவள் எழுதியது:

எல்லாரும் இருந்து பார் என்கிறீர்கள். வெள்ளிமீன் விஷயத்தில் நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் இந்த இழையை இனி வேறு பிள்ளைகளும் படிப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன். நான் வீடு மாறியவள்.

என் முதல் ஹோஸ்ட் வீட்டில் பள்ளி விட்டு வந்ததும் சின்னக் குழந்தைகள் இருவரையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எப்போதாவது இல்லை, தினமும், ராத்திரி அவர்கள் தூங்கும் வரை. வீட்டுப் பிள்ளை மாதிரி உதவி செய்ய வேண்டும் என்று ஓரியன்டேஷனில் சொன்னார்களே என்று நானும் மூன்று மாதம் செய்தேன். பாத்திரம் கழுவுவது, தன் அறையைப் பெருக்குவது, வாரம் ஒரு நாள் குழந்தையைப் பார்த்துக்கொள்வது, இதெல்லாம் வீட்டுப் பிள்ளை செய்வதுதான். பள்ளியில் ஒரு விளையாட்டில்கூடச் சேர முடியாத அளவுக்கு வேலை என்றால் அது வேறு. கோஆர்டினேட்டரிடம் சொன்னேன், பேசிப் பார்த்தார்கள், ஒன்றும் மாறவில்லை, மூன்று வாரத்தில் வேறு வீடு கிடைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது குற்ற உணர்ச்சியாகத்தான் இருந்தது. அந்தக் குழந்தைகள் என்ன செய்தார்கள், பாவம்.

இன்னொன்று, இதில் யோசிக்கவே வேண்டாம். வீட்டில் யாராவது தொடும் விதமோ, பேசும் விதமோ, பார்க்கும் விதமோ உறுத்தினால் அது வீட்டு ஏக்கமும் இல்லை, கலாச்சார வித்தியாசமும் இல்லை. "நான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ" என்று நாளைக் கடத்தாதீர்கள். அன்றைக்கே கோஆர்டினேட்டரைக் கூப்பிடுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால் அமைப்பின் அவசர எண், பள்ளிக் கவுன்சிலர், ஒரு டீச்சர், யாராக இருந்தாலும் சரி. அமெரிக்கா என்றால் உங்களுக்குக் கொடுத்த அடையாள அட்டையில் அந்த நாட்டு வெளியுறவுத் துறையின் எண்ணே இருக்கும். அட்டையைப் பெட்டிக்குள் போட்டு வைக்காதீர்கள், பர்ஸில் வையுங்கள். பாஸ்போர்ட்டும் உங்கள் கைவசமே இருக்கட்டும்.

---

ஓரக்குறிப்பு எழுதியது:

ஏழாவது வாரம் என்று பார்த்ததும் எழுதத் தோன்றியது. புது இடத்துக்குப் போனவர் முதலில் எல்லாவற்றையும் ரசிப்பார், அப்புறம் எல்லாமே எரிச்சலாக இருக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி இடத்தோடு பழகிவிடுவார் என்று கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் சொன்னார். 1954-இல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு கூட்டத்தில் பேசியது, 1960-இல் கட்டுரையாக அச்சானது. 'கல்ச்சர் ஷாக்' என்ற சொல் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1955-இல் ஸ்வெரெ லிஸ்கார்ட் என்பவர் அமெரிக்காவில் படித்துத் திரும்பிய நார்வேக்காரர்களிடம் பேசி இதையே கிண்ணம் மாதிரி இறங்கி ஏறும் கோடாக எழுதினார். 1963-இல் கல்லஹார்ன் என்ற ஆய்வாளர் தம்பதியர், ஊர் திரும்பியதும் இன்னொரு கிண்ணம் இருக்கிறது என்றார்கள். அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நான் திரும்பி வந்து இரண்டு மாதம் என் சொந்தக் கட்டிலிலேயே தூக்கம் வராமல் கிடந்தேன்.

இந்த மாணவர் பரிமாற்றங்கள் தொடங்கிய கதையும் எனக்குப் பிடிக்கும். இன்றைக்கு மாணவர்களை அனுப்பும் ஏஎஃப்எஸ், 1915-இல் பிரான்சில் காயம்பட்ட சிப்பாய்களை ஏற்றிச் சென்ற ஆம்புலன்ஸ் ஓட்டிகளின் அமைப்பு. இரண்டு உலகப் போரிலும் அதே வேலை. எல்லாம் முடிந்த பிறகு 1947-இல் அவர்களே பள்ளிப் பிள்ளைகளை நாடு விட்டு நாடு அனுப்ப ஆரம்பித்தார்கள். ஒய்எஃப்யூ என்ற இன்னொரு பரிமாற்ற அமைப்பு 1951-இல் ஜெர்மனியிலிருந்து பதின்வயதுப் பிள்ளைகளை மிச்சிகனில் உள்ள வீடுகளில் தங்கவைத்தது. போர் முடிந்து ஆறே வருஷம். நேற்று வரை எதிரி நாடு, அந்த நாட்டுப் பிள்ளைக்குக் கட்டில் போட்டுக் கொடுத்த அந்த முதல் ஹோஸ்ட் அம்மாக்களும் வாசலில் துணியோடு நின்றுதான் இருப்பார்கள் என்று நாலு சாவியின் பதிவைப் படித்தபோது நினைத்தேன்.

---

நாலு சாவி எழுதியது:

ஓரக்குறிப்பு, பழைய கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டை நம்பிப் பிள்ளையை விட்டுவிட வேண்டாம். எங்கள் மூன்றாவது பிள்ளைக்கு முதல் வாரம்தான் மோசம், அப்புறம் ஒரே சிரிப்பு, எட்டாவது மாதம் தாத்தா இறந்த செய்தி வந்து படுத்துவிட்டான். எந்தக் கோட்டிலும் அவன் வர மாட்டான். "இப்போது கஷ்டமாகத்தான் இருக்கும், தானாகச் சரியாகும்" என்று நானும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருந்தால் அவனுக்கு யார் துணை?

---

ஓரக்குறிப்பு எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். லிஸ்கார்டின் கோடு எல்லாருக்கும் பொருந்தவில்லை என்று பின்னால் வந்த ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள்.

---

வெள்ளிமீன் எழுதியது:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அம்மாவிடம், என் சொந்த அம்மாவிடம், வாரத்துக்கு ஒரு நாள் என்று சொன்னேன். மகனை அனுப்பியவர் எழுதியதையும் அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாவது நாள் 'ஞாயிறு காலை' என்று மட்டும் எழுதியிருந்தார். எனக்கும் அழுகை வந்தது. இது இன்னும் எனக்குப் பழகவில்லை. எட்டரை மணி ஆனால் கை தானாகப் போனைத் தேடுகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுப் பாடத்தை எடுத்துக்கொண்டு கீழே போனேன். ஹோஸ்ட் அம்மா மட்டும் இருந்தார். கணக்கு நோட்டைத் திறந்துவைத்து ஒரே வரியை நாலு தடவை படித்தேன். பேச வந்ததைக் காகிதத்தில் எழுதித்தான் வைத்திருந்தேன், ஆனாலும் குரல் நடுங்கியது. சாயங்காலம் தலை வலிக்கும், அதனால் கதவை மூடுகிறேன், உங்கள் மேல் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவர் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஏழு வாரமாக நான் என்ன தப்பு செய்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்" என்றார். நேரில் கேட்காமல் கோஆர்டினேட்டரிடம் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டார். நேர்கோடு, நீங்கள் சொன்னதை அவரே சொல்லிவிட்டார்.

அப்புறம் பழைய பெட்டி அக்காவின் கேள்விகளைக் கேட்டேன். எல்லாவற்றையும் இல்லை, ஆறு கேட்டேன். ஃப்ரிட்ஜுக்குப் பதில் "இது என்ன கேள்வி" என்று வந்தது. கடைசியாக, "அந்தப் பச்சைப் பேனா அக்காவுடையதா, அதை எடுத்து எழுதினால் கோபப்படுவாரா?" என்று கேட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். அக்காவுடைய பேனா ஊதாவாம், கல்லூரிக்கு எடுத்துப் போய்விட்டாளாம். பச்சை எனக்காக வாங்கியதாம். என் விண்ணப்பத்தில் பிடித்த நிறம் பச்சை என்று எழுதியிருந்தேனாம், எனக்கே மறந்துவிட்டது. நான் வருவதற்கு முந்தின நாள் தம்பிதான் அதற்கு நூல் கட்டித் தொங்கவிட்டானாம். ஒரு வாரம் வரை, "அவள் எப்போ எழுதுவாள்" என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். யாரும் எனக்குச் சொல்லவில்லை, தெரியும் என்று நினைத்துவிட்டார்கள். நானும் கேட்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தம்பி இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. நேற்று விளையாடக் கீழே உட்கார்ந்தேன், விதிகள் பாதி புரியவில்லை, அவர்கள் வேகமாகப் பேசிக்கொண்டே போனார்கள், சிரிக்க வேண்டிய இடத்தில் சும்மா சிரித்தேன். ஒன்பது மணிக்கு மேல் மேலே போய்க் கதவை மூடிக்கொண்டேன். இந்த முறை யாரும் கவலைப்படவில்லை என்று நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை வந்தவரிடம் வீடு மாற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். தம்பிக்கு வரும் 14-ஆம் தேதி பள்ளியில் நாடகம். காலண்டரில் ஆரஞ்சில் எழுதியிருக்கிறது. நான் வரலாமா என்று அவனிடம் கேட்கலாமா, இல்லை கேட்காமலே போகலாமா?

---

பழைய பெட்டி எழுதியது:

கேட்காதே தங்கச்சி. அவன் எழுதியதற்குக் கீழேயே பச்சையில் உன் பெயரை எழுதிவிடு.

---

நாலு சாவி எழுதியது:

ஆமாம். அன்றைக்கு வேறு எதற்கும் ஒத்துக்கொள்ளாதே. முன் வரிசையில் உட்கார், அவன் மேடையிலிருந்து முதலில் தேடுவது யார் யார் வந்திருக்கிறார்கள் என்றுதான்.

---

வெள்ளிமீன் எழுதியது:

எழுதிவிட்டேன். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அவன் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, ஆரஞ்சுப் பேனாவை எடுத்து என் பெயருக்குப் பக்கத்தில் '6:30, லேட் பண்ணாதே' என்று எழுதிவிட்டுப் போனான்.